சார்ஜன்ட் டகாச்சின் இடது கை

ஒலிம்பிக் நடக்கும் ஒவ்வொரு முறையும் எங்களுடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை வந்து விழும். ஹங்கேரி நாட்டுத் துப்பாக்கி சுடும் வீரர் ஒருவர் குண்டுவெடிப்பில் வலது கையை இழந்தார், மனம் தளரவில்லை, இடது கையால் பழகி இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். கடைசி வரியில் உன்னாலும் முடியும் என்ற பொருளில் ஏதாவது இருக்கும். பின்னணியில் சூரியன் உதிக்கும் படம் ஒன்றும் இருக்கும். அவருடைய பெயரை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். ஹங்கேரியர்கள் சொல்வது காரோய் டகாச் என்பதற்குக் கிட்ட வரும். நான் டகாச் என்றே எழுதுகிறேன்.

கதையின் எலும்பு சரிதான். ஒட்டிய சதைதான் பிழை. சில பதிவுகளில் அவருடைய கை மணிக்கட்டோடு துண்டிக்கப்படுகிறது. சிலவற்றில் அவர் போர்க்களத்தில் எதிரியின் குண்டுக்கு இலக்காகிறார். அவர் இராணுவத்தில் என்ன தரத்தில் இருந்தார், காயப்பட்ட பிறகு அவரை யார் வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பெரும்பாலான பதிவுகள் சொல்வதேயில்லை. ஊடகக் கற்கை படித்த காலத்தில், ஒரு கதை எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கச் சொல்லித்தந்தார்கள். போரில் கை கால் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் வாழும் எங்களிடம் இந்தக் கதை வந்து சேரும்போது, விடுபட்டவை இன்னும் கனமாகின்றன. அதனால்தான் ஒரு துப்பாக்கிக்காரரின் வாழ்க்கையை எழுதுகிறேன். துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாகப் பார்த்துப் பழகாத தலைமுறை என்னுடையது. இதை வாசிக்கும் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

டகாச் 1910 ஜனவரி 21 இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது, முதலாம் உலகப்போரில் தோற்ற ஹங்கேரி திரியானோன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டுத் தன்னுடைய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. இழந்ததை மீட்பது பற்றியே பேசிக்கொண்டிருந்த நாடு அது. அங்கே இராணுவத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. அந்த இராணுவத்தில் டகாச் சார்ஜன்ட் ஆனார். 1930களின் நடுப்பகுதியில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் உலகத் தரத்தில் வைத்துப் பேசக்கூடியவராகவும் இருந்தார்.

1936 இல் பேர்லின் ஒலிம்பிக் வந்தது. டகாச் போகவில்லை. சுடத் தெரியாமல் அல்ல. ஹங்கேரிய அணியின் துப்பாக்கிப் போட்டிக்கு ஆணையிடப்பட்ட அதிகாரிகளை மட்டுமே அனுப்புவது என்ற விதி அப்போது இருந்தது. சார்ஜன்ட் அதிகாரி அல்ல. அதே பேர்லினுக்கு ஹங்கேரி அனுப்பிய நீர்ப்பந்து அணியில் ஒலிவர் ஹலாஷி என்பவர் இருந்தார். அவருக்குச் சிறுவயதிலேயே இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்தக் காலோடு நீந்தி அவர் அங்கே தங்கம் வென்றார். கால் இல்லாதவருக்கு இடம் கொடுத்த நாட்டில், இரண்டு கையும் நன்றாக இருந்த ஒரு சார்ஜன்டுக்கு இடம் இருக்கவில்லை. ஊனம் என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்று இந்த இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பேர்லினுக்குப் பிறகு அந்த விதி நீக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக் 1940 இல் டோக்கியோவில் என்று முடிவாகியிருந்தது. டகாச் அதற்குத் தயாரானார்.

1938 இல் ஓர் இராணுவப் பயிற்சியின்போது பழுதான கைக்குண்டு ஒன்று வெடித்தது. அது அவருடைய வலது கையை, சுடும் கையை, மோசமாகச் சிதைத்தது. எதிரியும் இல்லை, போரும் இல்லை. தன்னுடைய இராணுவம் தந்த குண்டு, பயிற்சி நேரம், ஒரு சாதாரண நாள். சுமார் ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தார். வெளியே வந்ததும் இடது கையால் சுடப் பழகத் தொடங்கினார். யாருக்கும் சொல்லவில்லை.

வாட்ஸ்அப் கதையில் இந்த இடம் ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு நிறைய நேரம் எடுத்தது இந்த வரிதான்.

கைத்துப்பாக்கிப் போட்டியில் சுடுபவர் நின்றபடி ஒற்றைக் கையால் சுட வேண்டும். சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. வலக்கைக்காரர் என்றால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காலை இலக்கின் பக்கம் வைத்து நிற்பார். பாதங்கள் தோளகலத்தில் இருக்கும். பாரம் இரண்டு காலிலும் சமமாக இறங்கும். இடது கையைக் காற்சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டியிலோ செருகிவிடுவார். சுடாத கை ஆடினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் முனை ஆடும். புதுக்காயத்தோடு உள்ள ஒரு கையைச் சும்மா தொங்கவிட்டு வைத்திருப்பது எப்படியிருக்கும் என்பது எங்கள் வாசகர்களில் சிலருக்கு நான் விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் ஒரு சோதனை இருக்கிறது. இலக்கைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, துப்பாக்கிக் கையை உயர்த்த வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முனை இலக்குக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகியிருந்தால் கையைத் திருத்தக் கூடாது. பின்காலை நகர்த்த வேண்டும். கையால் இழுத்துச் சரிசெய்தால் தசை இறுகும், இறுகிய தசை தளரும் கணத்தில் முனை பழைய இடத்துக்கே திரும்பும். உடம்பு இயல்பாக எங்கே பார்க்கிறதோ அங்கே இலக்கு இருக்க வேண்டும். ஆகவே குறி பாதத்தில் தொடங்குகிறது.

கையை மாற்றினால் இவை எல்லாம் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிவிடும். இதுவரை பின்னால் நின்ற கால் முன்னால் வர வேண்டும். இடுப்பு மறுபக்கம் திரும்ப வேண்டும். கழுத்து மறுபக்கம் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் இரண்டு கண்ணில் ஒன்று மற்றதைவிட முந்திக்கொள்ளும். கை மாறினாலும் கண் மாறாது. துப்பாக்கியின் பிடி ஒரு குறிப்பிட்ட கைக்கு அளவாகச் செதுக்கப்பட்டது, அதையும் மாற்ற வேண்டும். விசையை இழுக்கும் விரல், மற்ற விரல்களை அசைக்காமல் தனியே பின்னோக்கி வரப் பழக வேண்டும். வலது சுட்டுவிரலுக்கு அவர் பல வருடங்கள் கொடுத்துக் கற்பித்த வித்தை அது. இடது சுட்டுவிரலுக்கு அது தெரியாது.

கிளிநொச்சிப் பக்கம் தோட்டம் செய்கிற ஓர் அண்ணரை இன்னொரு கட்டுரைக்காகச் சந்தித்திருந்தேன். கடைசி யுத்தத்தில் எறிகணைச் சிதறல் அவருடைய வலது கையின் விரல்களைக் கொண்டுபோய்விட்டது. மண்வெட்டி பிடிக்க எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டதற்கு அவர் கையைப் பற்றிப் பேசவேயில்லை. காலைப் பற்றித்தான் பேசினார். கை மாற்றிப் பிடித்த முதல் மாதங்களில் கால் பழைய இடத்திலேயே நின்றதாம். முதுகு நொந்ததாம். வெட்டு விழுந்த இடமெல்லாம் கோணலாம். ஒருநாள் அவருடைய அம்மா வரம்பில் இருந்து பார்த்துவிட்டு, கை மாறின நீ காலை மாற்றவில்லை என்று சொன்னாராம். டகாச்சைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

1939 வசந்த காலத்தில் ஹங்கேரியின் தேசியக் கைத்துப்பாக்கிப் போட்டி நடந்தது. டகாச் அங்கே வந்தார். பழைய தோழர்கள் அவர் போட்டியைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஆறுதல் சொன்னதாகவும், தான் சுட வந்திருப்பதாக அவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அந்த உரையாடல் சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கலாம். முடிவில் மாற்றமில்லை. இடது கையால் சுட்டு அவர் தேசிய சம்பியன் ஆனார். அதே ஆண்டு சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் நகரில் நடந்த உலக சம்பியன் போட்டியில் வென்ற ஹங்கேரிய அணியிலும் இருந்தார்.

அதன் பிறகு போர் வந்தது. 1940 ஒலிம்பிக் டோக்கியோவிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாற்றப்பட்டுப் பிறகு கைவிடப்பட்டது. 1944 உம் இல்லாமல் போனது. வாட்ஸ்அப் கதை இந்த ஒன்பது ஆண்டுகளை இரண்டு சொல்லில் தாண்டிவிடும். எங்களால் அப்படித் தாண்ட முடியாது. டகாச் அணிந்திருந்த சீருடையின் இராணுவம் நாசி ஜேர்மனியின் பக்கம் நின்று போரிட்டது. யூத ஆண்களை ஆயுதம் இல்லாமல் கட்டாய உழைப்புப் படைகளில் சேர்த்துக் கிழக்கு முனைக்குக் கொண்டுபோனது. 1928 இலும் 1932 இலும் ஹங்கேரிக்காக வாள்வீச்சில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அத்திலா பெச்சாவர் அப்படிக் கொண்டுபோகப்பட்டு 1943 இல் இறந்தார். 1944 இல் இரண்டே மாத காலத்தில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ஹங்கேரியிலிருந்து ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு. அந்த ஆண்டின் கடைசியில் சோவியத் படைகள் புடாபெஸ்டைச் சுற்றி வளைத்தன. 1945 பெப்ரவரி 13 வரை ஐம்பது நாள் முற்றுகை. மக்கள் நிலவறைகளுக்குள் கிடந்தார்கள். குதிரை இறைச்சி தின்றார்கள். தன்யூப் ஆற்றின் பாலங்கள் அத்தனையும் தகர்க்கப்பட்டன. பல்லாயிரம் பொதுமக்கள் இறந்தார்கள். இப்படி ஒரு நகரத்தின் மகன் டகாச், இப்படி ஓர் இராணுவத்தின் ஆளும் அவர்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

1948 இல் லண்டன். ஜேர்மனியும் ஜப்பானும் அழைக்கப்படவில்லை, ஜேர்மனியோடு நின்ற ஹங்கேரி அழைக்கப்பட்டது. டகாச்சுக்கு 38 வயது. துப்பாக்கிப் போட்டிகள் லண்டனுக்குத் தென்மேற்கே பிஸ்லி என்ற இடத்தில் நடந்தன. அவருடைய போட்டி அதிவேகக் கைத்துப்பாக்கி. 25 மீற்றர் தூரத்தில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். அந்தக் காலத்தில் அவை மனித உருவத்தில் வெட்டப்பட்ட இலக்குகள். சுடுபவர் கையைத் தாழ்த்தி வைத்தபடி காத்திருப்பார். நேரம் தொடங்கியதும் கையை உயர்த்தி ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு வெடியாக ஐந்து வெடிகள் வைக்க வேண்டும். முதல் தொடருக்கு 8 செக்கன், அடுத்ததற்கு 6, அதற்கடுத்ததற்கு 4. இப்படி மொத்தம் 60 வெடிகள், உயர்ந்தபட்சம் 600 புள்ளிகள்.

4 செக்கனில் ஐந்து இலக்குகள் என்பதைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கையை உயர்த்தவே ஒரு செக்கனுக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் ஒவ்வொரு வெடிக்கும் முக்கால் செக்கன்கூட இல்லை. ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குக் கையை மட்டும் நகர்த்தினால் முனை வளைந்து போகும். தோளும் இடுப்பும் ஒரே துண்டாகத் திரும்ப வேண்டும், பாதம் அசையக் கூடாது. நான் மேலே எழுதிய கால் மாற்றம், இடுப்பு மாற்றம் எல்லாம் இங்கேதான் பரீட்சைக்கு வருகின்றன. வலது கையால் ஒரு பக்கம் திறந்துகொண்டு போன உடம்பு, இடது கையில் அதே பக்கம் போகும்போது மூடிக்கொள்ளும்.

உலக சம்பியனான ஆர்ஜென்ரீனாவின் கார்லோஸ் என்ரிக்கே டியாஸ் சாயென்ஸ் வலியெந்தே வெல்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போட்டிக்கு முன்னர் அவர் டகாச்சைப் பார்த்து எதற்காக லண்டன் வந்தீர்கள் என்று கேட்டதாகவும், கற்றுக்கொள்ள வந்தேன் என்று டகாச் சொன்னதாகவும் சொல்வார்கள். டகாச் 580 புள்ளிகள் எடுத்தார். அது புதிய உலக சாதனை. ஆர்ஜென்ரீனர் 571 உடன் இரண்டாம் இடம். பதக்க மேடையில், போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று அவர் டகாச்சிடம் சொன்னாராம். தோற்றவர் சொன்ன இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது.

அந்த லண்டன் ஒலிம்பிக்குக்கு இலங்கையும் போயிருந்தது. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு, இலங்கையின் முதலாவது ஒலிம்பிக். டங்கன் வைற் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி வென்றார். இன்னொன்றும் நடந்தது. ஒலிம்பிக் தொடங்கிய ஜூலை 29 அன்று, லண்டனுக்கு வெளியே ஸ்ரோக் மான்டவில் மருத்துவமனையில், நாசிகளிடமிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் ஒரு சிறு போட்டியை வைத்தார். முள்ளந்தண்டில் காயப்பட்ட 16 முன்னாள் படையினர், ஆண்களும் பெண்களும், சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பு எய்தார்கள். பாதத்தில் தொடங்க வேண்டிய குறியை அவர்கள் இடுப்புக்கு மேலே எங்கேயோ தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது. சில நாட்கள் கழித்து பிஸ்லியில் டகாச் சுட்டார். இருவருமே படையினருக்கான ஓர் ஏற்பாட்டின் உள்ளே இருந்தார்கள் என்பதை நான் இங்கே குறித்துவைக்கிறேன்.

ஏனென்றால் வாட்ஸ்அப் கதை விட்டுவிடும் பெரிய விடயம் அதுதான். கை சிதைந்த சார்ஜன்டை ஹங்கேரிய இராணுவம் வீட்டுக்கு அனுப்பிக் கைகழுவவில்லை. அவர் பின்னாளில் லெப்டினன்ட் கேணல் தரம் வரை உயர்ந்துதான் ஓய்வு பெற்றார். இடது கையைப் பழக்குவதற்கு விடாமுயற்சி வேண்டும், யார் மறுத்தார்கள்? அதோடு சுடும் திடல் வேண்டும். ஆயிரக்கணக்கில் ரவைகள் வேண்டும். பழகும் மாதங்களில் வீட்டு அடுப்பு எரியச் சம்பளம் வேண்டும். அவருக்கு ஒரு தொழில் இருந்தது, அந்தத் தொழிலிடத்திலேயே துப்பாக்கியும் இருந்தது. மனவுறுதியை மட்டும் பிரித்தெடுத்து எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பிவைக்கிறவர்கள், மற்றவற்றை யார் தருவது என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்புவதில்லை.

இலங்கைக்கு முதலாவது பாராலிம்பிக் தங்கத்தை டோக்கியோவில் ஈட்டி எறிந்து பெற்றுத் தந்த தினேஷ் பிரியந்த ஹேரத், போரில் கையில் காயமடைந்த இராணுவ வீரர். அவருடைய உழைப்பில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. அவருக்குப் பின்னால் ஓர் இராணுவம் இருந்தது, அதுதான் விடயம். அதே போரில் மறுபக்கத்தில் காயப்பட்டவர்களுக்கு, போராடியவர்களுக்கும் சரி, பதுங்குகுழிக்குள் பிள்ளையை அணைத்தபடி இருந்து காயப்பட்டவர்களுக்கும் சரி, அப்படிப் பின்னால் நிற்க எதுவும் இருக்கவில்லை. வடக்கில் மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டு விழாக்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு பகல், ஒரு பந்தல், சான்றிதழ், மதியச் சாப்பாடு. மறுநாள் திடல் பூட்டியிருக்கும். அங்கே ஒற்றைக் கையால் குண்டு எறிந்த ஒரு தங்கச்சியின் தூரத்தை அளந்த நடுவர் வாய்பிளந்து நின்றதைப் பார்த்தேன். அவரை அடுத்த கிழமை பயிற்சிக்குக் கூப்பிட ஒருவரும் இல்லை.

1952 ஹெல்சிங்கி. டகாச்சுக்கு 42 வயது. மல்மி திடலில் 579 புள்ளிகளோடு மீண்டும் தங்கம். இந்தப் போட்டியில் இரண்டு தங்கம் வென்ற முதல் ஆள் அவர். ஒரே ஒரு புள்ளி குறைவாக, 578 உடன் வெள்ளி வென்றவர் சிலார்ட் குன் என்ற 17 வயது ஹங்கேரியப் பொடியன். அவரைப் பயிற்றுவித்ததே டகாச்தான். கற்றுக்கொள்ள வந்ததாக லண்டனில் சொன்னவர் நான்கு ஆண்டுக்குள் கற்பிப்பவராகி, தன் மாணவனை ஒரு புள்ளியால் முந்தியிருக்கிறார். மாணவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் எனக்குத் திருப்தி. அதே ஹெல்சிங்கியில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், அவரும் 17 வயது, இலங்கைக்காக உயரம் பாய்ந்தார்.

இருவரும் 1956 இல் மெல்பேர்னுக்கும் போனார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் ஹங்கேரிய மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பர் 4 அன்று சோவியத் தாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. நவம்பர் 22 இல் ஒலிம்பிக் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுக்குள் இரண்டாம் முறையாகத் தெருச் சண்டை நடந்த நகரத்தை விட்டு வந்த வீரர்கள், வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கவலையோடு போட்டியிட்டார்கள். பலர் திரும்பிப் போகவேயில்லை. 46 வயது டகாச் எட்டாம் இடம் பெற்றார். அவர் ஊருக்குத் திரும்பியவர்களில் ஒருவர். வாழ்நாளில் 35 தேசிய சம்பியன் பட்டங்கள் வென்று, 1976 ஜனவரி 5 அன்று, 66 வயதை எட்டுவதற்குப் பதினாறு நாள் இருக்கையில், பிறந்த புடாபெஸ்டிலேயே இறந்தார்.

அவர் இறந்து நான்கு மாதத்தில், 1976 மே மாதம், அமெரிக்காவின் கொலம்பியா நகரில் சிலர் கூடி ஒரு சர்வதேசச் சம்மேளனத்தைத் தொடங்கினார்கள். நடைமுறைச் சுடுதல் என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். முதல் தலைவர் ஜெப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைப் பிரிவு அதிகாரி. இன்று கைத்துப்பாக்கிக்கு மட்டுமல்லாமல் நீள்துப்பாக்கிக்கும் இந்தப் போட்டிகள் இருக்கின்றன. டகாச் நின்ற மாதிரி யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓடி வந்து சுவரின் ஓரத்தால் சுடுவார்கள், ஓட்டைக்குள்ளால் குனிந்து சுடுவார்கள், முழந்தாளில் இருந்தும் குப்புறப் படுத்தும் சுடுவார்கள். பெற்ற புள்ளியை எடுத்த நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

அந்தச் சுவர்கள் பலகையாலோ வலையாலோ செய்தவை. சன்னம் அவற்றை ஊடுருவும். திருப்பிச் சுட யாரும் இல்லாததால் அது பிரச்சினையில்லை. பனங்குற்றியும் மண்மூட்டையும் எத்தனை அடுக்கு வைத்தால் எதைத் தாங்கும் என்று பத்து வயதில் தெரிந்துவைத்திருந்த பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பலகைச் சுவர் ஒரு வினோதமாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சுவரின் இடது ஓரத்தில் நடக்கும் ஒன்று டகாச்சோடு தொடர்புடையது. வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுபவர் இடது ஓரத்தால் சுட வேண்டுமானால் தலையும் பாதி மார்பும் வெளியே வந்துவிடும். சுவரிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிற்கலாம். அல்லது துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றலாம். மாற்றினால் உடம்பு மறைந்திருக்கும், குறி தடுமாறும். பலரும் அந்தத் தடுமாற்றத்துக்குப் பயந்து மாற்றாமலே எட்டிப் பார்த்துச் சுடுவார்கள். கைத்துப்பாக்கிப் பிரிவிலோ பலவீனமான கையால் மட்டும் சுட வேண்டும் என்று விதிக்கும் கட்டங்களே உண்டு. அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சியாளர்கள் துப்பாக்கியைக் கை மாற்றச் சொல்வதற்கு முன்னர் முன்காலைப் பின்காலாக்கச் சொல்லித்தருகிறார்கள்.

டகாச் சுட்ட அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டி இன்னும் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 25 மீற்றர், ஐந்து இலக்குகள், 8, 6, 4 செக்கன் எல்லாம் அப்படியே. இலக்கு மட்டும் மாறிவிட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மனித உருவம் நிற்கவில்லை, கறுப்பு வட்டம் நின்றது.